தூக்கமும் கனவும்: சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தூக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்மவர்களிடமிருந்து பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான் வரும். பிள்ளை காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். இறந்துபோன அம்மா கனவில் வந்து நின்றார். நடுராத்திரி யாரோ நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கினார்கள். பலர் இதையெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள். தங்களுக்கு மட்டும் நேர்ந்துவிட்டது என்ற பயம். அந்தப் பயம் போகட்டும் என்றுதான் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

பதில்களில் திரும்பத் திரும்ப வரப்போகிற ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழிப்பு, உறக்கம், கனவு மூன்றும் தனித்தனி என்று நினைக்கிறோம். மூளை அப்படி மொத்தமாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில்லை. வீட்டில் எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் விளக்கணைவதில்லையே, அதே கதைதான். ஒரு பகுதி விழித்துவிடும், இன்னொன்று உறக்கத்திலேயே இருக்கும். நம்மை மிரளவைக்கும் அனுபவங்கள் பல இந்த இடைவெளியில் நடப்பவை.

தூங்கும்போது மூளை ஓய்வெடுக்கிறதா?

ஓய்வு என்று சொல்ல முடியாது, வேலை மாறுகிறது. 1924ல் ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். உறங்குபவரின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அதன்பிறகுதான் வழி பிறந்தது. 1953ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் ஒன்றைக் கவனித்தார்கள். மூடிய இமைகளுக்கு அடியில் கண்விழிகள் அவ்வப்போது வேகமாக ஓடுகின்றன. அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கனவு கண்டுகொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். இதற்குத்தான் ரெம் உறக்கம் என்று பெயர். மற்ற நேரத்திலும் கனவு வருவதுண்டு, ஆனால் நீளமான, கதை போன்ற கனவுகள் அதிகம் வருவது இதில்தான்.

லேசான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், ரெம் என்று ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 90 நிமிடம் ஆகும். இரவு முழுக்க நான்கைந்து சுற்று. ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பாதியில் அதிகம், ரெம் விடியும் பக்கம் அதிகம். ஆகவே எட்டு மணி நேரம் தூங்க வேண்டியவர் ஆறு மணி நேரத்தில் எழுந்தால் கால்வாசித் தூக்கம்தான் போனது என்று கணக்குப் போடாதீர்கள். கனவு உறக்கத்தில் அதைவிடப் பெரிய பங்கு போயிருக்கும்.

எனக்குக் கனவே வருவதில்லை. ஏதாவது கோளாறா?

வருகிறது, நினைவில் நிற்பதில்லை. ரெம் உறக்கத்தில் மூளையின் நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருளின் அளவு மிகக் குறைந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கனவின் நடுவில் விழித்தால்தான் கனவு கையில் சிக்கும். அலாரம் அடித்ததும் போனை எடுத்து வாட்ஸ்அப் பார்த்தால் அதுவும் நழுவிவிடும். கண் திறந்ததும் அசையாமல் ஒரு நிமிடம் படுத்திருந்து பாருங்கள், வால் மட்டுமாவது அகப்படும். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களும் கனவு காண்கிறார்கள். அவர்கள் கனவில் குரல், தொடுகை, வாசனை இவையெல்லாம் இருக்கும்.

என் மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். ஐந்தரை மணிக்கு அவனை எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. சோம்பேறித்தனம்தானே?

இல்லை. இதற்கு நீளமாகவே பதில் சொல்வேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பிள்ளைகள் அநியாயமாகத் திட்டு வாங்குகிறார்கள்.

பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்வது மெலட்டோனின் என்ற ஹார்மோன். சிறு வயதில் சுரந்ததைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் பதின்ம வயதினருக்கு அது சுரக்கிறது. பத்து மணிக்குப் படுத்தும் தூக்கம் வராமல் அவன் புரள்வது பொய்யல்ல. அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். பதினொன்றரைக்குத் தூங்கி ஐந்தரைக்கு எழுந்தால் கிடைப்பது ஆறு.

இதற்கு மேல் சிங்கப்பூருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போவதில்லை. சிங்கப்பூர் இருப்பது ஏறத்தாழ கிழக்கு 104 பாகை தீர்க்கரேகையில். அதன்படி கிரீன்விச் நேரத்தைவிட ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் நாம் முன்னே இருக்க வேண்டும். ஆனால் ஏழரை மணி நேரம் முன்னே இருந்தோம். மலேசியா தன் தீபகற்பத்தையும் சபா, சரவாக்கையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தபோது நாமும் சேர்ந்து மாறினோம். 1981 டிசம்பர் 31 இரவு 11:30க்குக் கடிகாரத்தை இன்னும் அரை மணி நேரம் முன்னே தள்ளி 1982க்குள் நுழைந்தோம். இப்போது சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னே ஓடுகிறோம். இங்கே உச்சிப்பொழுது ஒரு மணி வாக்கில் வருவதும், வருஷம் முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டி உதிப்பதும் அதனால்தான்.

ஐந்தரைக்கு எழும் பிள்ளை சூரியன் கணக்கில் நாலரைக்கு எழுகிறான். காலை ஆறேகாலுக்கு எம்ஆர்டியில் ஏறிப் பாருங்கள். வெளியே கும்மிருட்டு. சீருடைப் பிள்ளை ஒன்று புத்தகப்பையை மடியில் அணைத்தபடி, கண்ணாடித் தடுப்பில் நெற்றி சாய்த்து, வாய் லேசாகத் திறந்து உறங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறக்கும்போது தலை ஒருமுறை ஆடி மீண்டும் சாயும். அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மாற்றிப் பார்த்த பள்ளியும் இருக்கிறது. நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016ல் வகுப்பு தொடங்கும் நேரத்தை 7:30இலிருந்து 8:15க்குத் தள்ளியது. தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகள் தாமதமாகப் படுப்பார்கள், மிச்சம் ஒன்றும் இருக்காது என்பது வழக்கமான வாதம். டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒன்பது மாதம் கழித்தும் மாணவிகளுக்குப் படுக்கையில் சராசரியாகப் பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது, பகல் தூக்கக் கலக்கமும் குறைந்திருந்தது. பத்து நிமிடம்தானா என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒரு பள்ளி வருஷம் முழுக்க தினமும் பத்து நிமிடம் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் கையில் இருப்பது என்ன? இரவு எட்டரைக்குத் தொடங்கும் துணைப்பாட வகுப்பு உண்மையிலேயே தேவையா என்று யோசியுங்கள். பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் தூங்க விடுங்கள், அதைத் தண்டமாக நினைக்காதீர்கள். வார இறுதியில் ஒன்றரை மணி நேரம் வரை கூடுதலாகத் தூங்கட்டும். நண்பகல் வரை விட்டால் ஞாயிறு இரவு தூக்கம் வராது.

பரீட்சைக்கு முந்தைய இரவு விடிய விடியப் படிக்கலாமா?

வேண்டாம். 1924லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், படித்ததும் தூங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறக்கிறார்கள் என்று காட்டிவிட்டார்கள். பகலில் மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸ் பிடித்துவைத்ததை ஆழ்ந்த உறக்கத்தில் மூளை மறுபடி ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துகிறது. டியூக்-என்யுஎஸ் குழுவினரே இங்குள்ள 15 முதல் 19 வயது மாணவர்களை ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மட்டும் படுக்க வைத்துச் சோதித்தார்கள். கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. அப்புறம் இரண்டு இரவு ஒன்பது மணி நேரம் படுக்கவிட்டும் முழுதாக மீளவில்லை. ‘சனி ஞாயிறு தூங்கிச் சரிக்கட்டிக்கொள்வான்’ என்பது பாதிதான் நடக்கும்.

நடுராத்திரி விழிப்பு வருகிறது, ஆனால் கை கால் அசையவில்லை, கத்த முடியவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். பேயா?

நம் பாட்டிமார் இதை அமுக்குவான் பேய் என்றார்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடமும் எதிர்வீட்டு மலாய் மக்சிக்கிடமும் கேட்டுப் பாருங்கள், அவர்களும் இதே மாதிரி நெஞ்சில் ஏறும் ஒன்றைப் பற்றிச் சொல்வார்கள். அத்தனை பேரும் பொய் சொல்லவில்லை, அனுபவம் அப்பட்டமான உண்மை. காரணம்தான் வேறு.

மேலே மின்விசிறி சுற்றுவது தெரிகிறது. ஜன்னல் கண்ணாடியில் தாழ்வார விளக்கின் வெளிச்சம் விழுகிறது. பக்கத்தில் மனைவி மூச்சுவிடுவது கேட்கிறது. எல்லாம் நிஜம். ஆனால் சுண்டுவிரல்கூட அசையாது, வாசலோரம் கறுப்பாக ஒன்று நிற்கிறது, அது நெருங்கி வருகிறது. ரெம் உறக்கத்தில் கனவுக்கேற்ப நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க, மூளைத்தண்டு உடம்பின் தசைகளை முடக்கிவைக்கும். கண்ணுக்கும் மூச்சுக்கான உதரவிதானத்துக்கும் மட்டும் விலக்கு. சில நேரம் நினைவு விழித்துவிடும், முடக்கம் இன்னும் விலகியிருக்காது, கனவும் முடிந்திருக்காது. ஆழமாக மூச்சிழுக்கப் பார்த்தால் நெஞ்சுத் தசை ஒத்துழைக்காது, அதைத்தான் பாரமாக உணர்கிறோம். பயத்துக்கான பகுதிகள் ரெம் உறக்கத்தில் மும்முரமாக இருப்பதால், காரணம் தெரியாத பயத்துக்கு மூளை ஓர் உருவத்தைக் கொடுத்துவிடுகிறது.

நூற்றில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது நேர்கிறது. மாணவர்களிடம் இன்னும் அதிகம். தூக்கம் குறைந்தால், நேரங்கெட்ட நேரத்தில் தூங்கினால், மல்லாந்து படுத்தால் வாய்ப்பு கூடும். உயிருக்கு ஆபத்தில்லை. சில நொடிகளிலிருந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக விலகிவிடும். அப்போது முழு உடம்பையும் உதறிப் போராட வேண்டாம், ஒரு கால்விரலை மட்டும் அசைக்க முயலுங்கள், மெதுவாக மூச்சு விடுங்கள். பக்கவாட்டில் படுத்துப் பழகுங்கள். விபூதி பூசிக்கொண்டு படுத்தால் மனம் அடங்குகிறது என்றால் தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள், அமைதியான மனதுக்குத் தூக்கம் நன்றாக வரும். ஆனால் பகலில் அடக்க முடியாமல் தூக்கம் சுழற்றினாலோ, வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடங்கிப் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். அது நார்கொலெப்சி என்ற வேறு நோயாக இருக்கலாம்.

ஐந்து வயது மகள் தூங்கிய ஒரு மணி நேரத்தில் அலறி எழுகிறாள், எங்களையே அடையாளம் தெரியவில்லை. காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை.

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர்: உடம்பு விழித்துவிட்டது, நினைவு ஆழ்ந்த உறக்கத்தில் கிடக்கிறது. தூக்கத்தில் நடப்பதும் இதே வகைதான். இரவின் முதல் பகுதியில் வரும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர நின்றுவிடும். உலுக்கி எழுப்பாதீர்கள். கீழே விழாமல் பார்த்துக்கொண்டு மெல்லப் படுக்க வையுங்கள். நடக்கிற பிள்ளை என்றால் ஜன்னல் கம்பிக்கதவையும் வாசல் பூட்டையும் இரவில் சரிபாருங்கள். அடுக்குமாடி வீட்டில் இதை நான் அழுத்திச் சொல்வேன்.

வயதானவர் விடியற்காலையில் கனவுக்கேற்பக் கை வீசுவது, உதைப்பது, கத்துவது வேறு விஷயம். 1965ல் பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் ஜூவே, பூனைகளின் மூளைத்தண்டில் குறிப்பிட்ட இடம் சேதமானால் ரெம் உறக்கத்தின் முடக்கம் போய், அவை தூங்கியபடியே எழுந்து எதையோ வேட்டையாடுவதைக் கண்டார். மனிதர்களுக்கும் அந்த முடக்கம் பழுதாவதுண்டு என்று 1986ல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தார்கள். இவர்களில் பலருக்குப் பின்னாளில் பார்க்கின்சன் போன்ற நோய் வருவதால், அப்பாவோ தாத்தாவோ இப்படிச் செய்தால் சிரித்துவிட்டு விடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இறந்துபோன அம்மா கனவில் வருகிறார். ஏதோ கேட்க வருகிறாரா?

அன்புக்குரியவரை இழந்தவர்களுக்கு இது மிகவும் சாதாரணம். நாம் பகலில் எதை நினைத்து மறுகுகிறோமோ அதுவே பெரும்பாலும் இரவிலும் வருகிறது. அமெரிக்க உளவியலாளர் கால்வின் ஹால் ஆயிரக்கணக்கான கனவுகளைச் சேகரித்துப் படித்துவிட்டு இதைத்தான் சொன்னார். நாற்பது வருஷம் உடனிருந்த ஒருவரை மூளை ஓரிரு மாதத்தில் இல்லாதவராக ஏற்றுக்கொள்வதில்லை. முதலில் நோயாளியாகவே வருவார், மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பார். மாதங்கள் போகப் போகப் பலருக்கு அம்மா நல்ல சேலை உடுத்தி, தெம்பாக, சமையலறையில் நின்றபடி வருவதாகச் சொல்கிறார்கள். அந்தக் கனவிலிருந்து அழுதுகொண்டே எழுந்தாலும் மனசு லேசாகிறது என்பார்கள்.

‘பசிக்கிறது என்றார், படையல் போடவேண்டுமா’ என்று கேட்பவர்களுக்கு என் பதில்: போடுங்கள். அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, பிள்ளைகளை உட்காரவைத்து, அவரைப் பற்றிப் பேசுங்கள். துக்கத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் கனவில் அம்மா கோபித்துக்கொண்டார், நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று யாராவது தன்னையே தண்டித்துக்கொண்டிருந்தால், அந்தக் கோபம் அம்மாவுடையது அல்ல, அவரவர் குற்ற உணர்ச்சி அம்மாவின் முகத்தோடு வந்திருக்கிறது. மாதக்கணக்கில் அது தொடர்ந்தால் ஓர் ஆலோசகரிடம் பேசுங்கள்.

கனவுக்குப் பலன் உண்டா? கனவில் வந்த எண்ணை 4டி லாட்டரியில் வாங்கிப் பரிசு விழுந்தவர்களை எனக்கே தெரியும்.

அடக்கி வைத்த ஆசைகளின் மறைமுக வடிவம்தான் கனவு என்றார் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த பிராய்டு. 1977ல் ஹார்வர்டின் ஆலன் ஹாப்சன், ராபர்ட் மெக்கார்லி இருவரும், மூளைத்தண்டு கிளப்பும் சமிக்ஞைகளை மேல் மூளை கதையாகக் கோத்துக்கொள்கிறது என்றார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். கனவுக்குக் குறியீட்டு அகராதி கிடையாது, பாம்பு வந்தால் இன்னது, பல் விழுந்தால் இன்னது என்பதெல்லாம் நிற்காது. ஆனால் கனவின் உணர்ச்சி வீண் அல்ல. எந்தக் கவலை திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தால் உங்களைப் பற்றி ஏதாவது தெரியும்.

4டி விஷயம் கணக்கு. நான்கு இலக்க எண்கள் மொத்தம் 10,000. ஒரு குலுக்கலில் பரிசுக்கு வருபவை 23. வாரத்துக்கு மூன்று குலுக்கல், ஒவ்வொன்றுக்கும் எண் வாங்குபவர்கள் ஏராளம், அதில் கனவை நம்பி வாங்கியவர்களும் ஏராளம். அவர்களில் சிலருக்கு விழுந்தே தீரும். விழுந்தவர் காப்பிக்கடை முழுக்கச் சொல்வார், விழாதவர் சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போவார். நம் காதுக்கு வருவது முதல் கதை மட்டும்.

வீட்டில் தமிழ், வேலையில் ஆங்கிலம். கனவு எந்த மொழியில் வரும்?

இரண்டிலும் வரும். இருமொழிக்காரர்கள் சொல்வதைப் பார்த்தால், கனவில் யார் வருகிறார்கள், இடம் எது என்பதைப் பொறுத்து மொழி மாறுகிறது. பாட்டி ஆங்கிலம் பேசுவது அபூர்வம்.

கெட்ட கனவு ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறது. நிறுத்த வழி உண்டா?

உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை என்பது எனக்கு வருத்தம். பகலில், தெளிவாக இருக்கும்போது, அந்தக் கனவை எழுதுங்கள். அதன் முடிவை உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றி எழுதுங்கள். துரத்துகிறவன் திரும்பிப் போகலாம், பூட்டிய கதவு திறக்கலாம், எதுவும் சரி. மாற்றிய கதையை தினமும் பத்து இருபது நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டுங்கள். சில வாரங்களில் பலருக்குக் கெட்ட கனவு குறைகிறது. வன்முறைக்கு ஆளானவர்களிடம் இந்த முறையைச் சோதித்த ஆய்வு 2001ல் வெளியானது. பெரிய விபத்தோ கொடுமையோ பின்னால் இருந்தால் தனியாகச் செய்யாமல் உளவியலாளர் துணையோடு செய்யுங்கள்.

மருந்தையும் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனலோல் போன்ற சில மாத்திரைகளும், மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் கனவை உக்கிரமாக்கும். மது முதல் பாதி இரவில் ரெம் உறக்கத்தை அமுக்கிவிடும், பின்பாதியில் அது பொங்கிக்கொண்டு வரும்.

கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்தது. சாத்தியமா?

சாத்தியம்தான், ஆய்வுக்கூடத்தில் நிரூபித்தும் இருக்கிறார்கள். ரெம் உறக்கத்தில் கண் முடங்குவதில்லை என்று சொன்னேன் அல்லவா? 1975ல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் அதையே பயன்படுத்தினார். கனவென்று உணர்ந்ததும் கண்ணை இடமும் வலமுமாக ஏற்கெனவே பேசிவைத்தபடி அசைக்கும்படி சொல்லியிருந்தார், கருவியில் அந்த அசைவு பதிவானது. ஸ்டான்ஃபர்டில் ஸ்டீஃபன் லாபெர்ஜ் தனியாக இதையே செய்தார். 2021ல் நான்கு நாட்டு ஆய்வுக்குழுக்கள் ஒருபடி மேலே போய், கனவில் இருப்பவரிடம் எளிய கூட்டல் கழித்தல் கேட்டுக் கண்ணசைவில் பதில் வாங்கின. எல்லாக் கேள்விக்கும் பதில் வரவில்லை, ஆனால் சரியான பதில்கள் வந்தன. எனக்கு இது இன்னும் வியப்பாகவே இருக்கிறது. பழகிப் பார்க்க நினைப்பவர்கள் அதற்காக நடுராத்திரி அலாரம் வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தைப்பூசத்தில் அருள் வருவதும் ஒருவகை உறக்கமா?

உறக்கம் இல்லை. செரங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் காவடி சுமந்து நடக்கிறவர் வழி தெரிந்து நடக்கிறார், கூப்பிட்டால் திரும்புகிறார். ஆனால் கவனம் ஒரு புள்ளியில் குவிந்து, வலியும் நேர உணர்வும் பின்னால் போய்விடுகின்றன. வாரக்கணக்கான விரதம், குறைந்த உணவு, வேல் வேல் என்ற முழக்கம், கூட நடக்கும் குடும்பம், எல்லாவற்றுக்கும் மேல் நம்பிக்கை, எல்லாம் சேர்ந்து இந்த நிலைக்குக் கொண்டுபோகின்றன. வலி வெறும் உடம்புச் செய்தி மட்டும் இல்லை, கவனமும் அதற்கு நாம் கொடுக்கும் அர்த்தமும் அதைக் கூட்டும், குறைக்கும் என்பதை வலி ஆய்வுகள் உறுதிப்படுத்துகின்றன. இவ்வளவு சொல்வதால் பக்திக்கு விளக்கம் கொடுத்துவிட்டேன் என்று நான் எண்ணவில்லை. மூளையில் என்ன நடக்கிறது என்பது ஒரு கேள்வி, முருகன் யார் என்பது வேறு கேள்வி.

நம் மரபில் சாக்கிரம் (விழிப்பு), சொப்பனம் (கனவு), சுழுத்தி (ஆழ்ந்த உறக்கம்), துரியம் (மூன்றையும் கடந்த நிலை) என்று நினைவு நிலைகளைப் பிரித்தவர்கள் விழிப்பையும் அவற்றுள் ஒன்றாகத்தான் வைத்தார்கள். விழிப்பே முழுமை, மற்றதெல்லாம் குறை என்று அவர்கள் நினைக்கவில்லை.

அறுவைச் சிகிச்சைக்குத் தரும் மயக்கம் தூக்கம் மாதிரிதானே?

இல்லை. தூங்குபவரைத் தொட்டு எழுப்பலாம், மயக்க மருந்தில் இருப்பவரைக் கத்தியால் வெட்டினாலும் எழமாட்டார். உறக்கத்தின் சுற்றுகளும் அதில் கிடையாது.

துவாஸில் இரவு வேலை. விடுதியில் பகலில் தூங்கவே முடியவில்லை. என்ன செய்வது?

முதலில், இது உங்கள் குறையல்ல. பகலில் உடம்புச் சூடு ஏறும் நேரத்தில் தூங்கச் சொல்லி உடம்பிடம் கேட்கிறீர்கள். அறையில் மற்றவர்கள் வேறு வேறு ஷிப்டில் வருவார்கள், சமைப்பார்கள், ஊருக்குப் போன் பேசுவார்கள். மேல்கட்டிலின் கம்பியில் கைலியைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குள் படுத்திருக்கும் தம்பிமார்களைப் பார்த்திருக்கிறேன். அது நல்ல யோசனைதான், துணி இன்னும் அடர்த்தியாக, கறுப்பாக இருக்கட்டும்.

வேலை முடிந்து திரும்பும்போது வெயில் கண்ணில் படாமல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போடுங்கள். காலை வெளிச்சம் உடம்பை எழுப்பிவிடும். காதுக்கு மருந்துக்கடையில் விற்கும் பஞ்சடைப்பான் வாங்குங்கள். ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் வராவிட்டால் காலையில் நான்கைந்து மணி நேரம், வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம் என்று இரண்டாகப் பிரியுங்கள். ஊருக்குப் பேசும் நேரத்தையும் குடும்பத்தோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். நீங்கள் காலை ஒன்பதுக்குக் கண்ணயரும்போது அங்கே ஆறரை, வீட்டில் எழுந்து உங்களை நினைப்பார்கள். மாலை ஆறுக்குப் பேசினால் அங்கே மூன்றரை. அந்த நேரத்தைப் பழக்கமாக்கிக்கொண்டால் தூக்கத்தின் நடுவில் மணி அடிக்காது.

கோப்பி, தே தாரிக் எல்லாம் ஷிப்டின் முதல் பாதியோடு போதும். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கும். காஃபீன் அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு மறைக்கிறது, அவ்வளவுதான். குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

வண்டியோ கிரேனோ ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால் கை, கவனம் இரண்டும் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருடையது போல ஆகிவிடுகின்றன. 24 மணி நேரம் ஆனால் அது ஏறத்தாழ 0.10. சிங்கப்பூரில் குடித்து ஓட்டும் குற்றத்துக்கான எல்லை 0.08. தூக்கக் கலக்கமாக இருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் தூக்கத்தை விரட்டாது.

கணவரின் குறட்டை தாங்கவில்லை. நடுவில் மூச்சே நின்றுவிடுவது போலிருக்கிறது.

குறட்டை மட்டும் என்றால் உங்களுக்குத்தான் தொல்லை. மூச்சு நின்று, பிறகு திணறி இழுப்பது என்றால் அவருக்கு ஆபத்து. தொண்டை மூடிக்கொண்டு ஆக்சிஜன் குறைகிறது, ஒவ்வொரு முறையும் மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கிறது. எட்டு மணி நேரம் படுத்தும் காலையில் தலைவலி, பகலில் கண்ணைச் சுழற்றல், கட்டுப்படாத இரத்த அழுத்தம் எல்லாம் அதனால் வருபவை. 2016ல் வெளிவந்த உள்ளூர் ஆய்வொன்று, சிங்கப்பூரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது நடுத்தர அல்லது கடுமையான அளவில் இருக்கலாம் என்று கண்டது. பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஒல்லியானவர்களுக்கும் வரும். அவர் தூங்கும்போது போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து, பலதுறை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள். அங்கிருந்து பரிந்துரைத்தால் அரசாங்க மருத்துவமனையில் மானியத்தோடு சோதனை செய்துகொள்ளலாம்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. மாத்திரை போடலாமா?

மூன்று மாதத்துக்கு மேல், வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் இப்படி இருந்தால் அது தூக்கமின்மை நோய். அதற்கு முதல் சிகிச்சையாக மாத்திரையைச் சொல்வதில்லை. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சு வழிச் சிகிச்சையை முதலில் கொடுங்கள் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ல் பரிந்துரைத்தது. அதன் சாரம் பலருக்குத் தலைகீழாகத் தோன்றும்: படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறையுங்கள். ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால் பத்து மணிக்கே போய்ப் படுத்துப் புரளாதீர்கள், நள்ளிரவு வரை காத்திருங்கள். எழும் நேரம் மட்டும் தினமும் ஒன்றாக இருக்கட்டும். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து கூடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகும்போது திரும்பிப் போங்கள். படுக்கை என்றால் புரளுவது என்று மூளை கற்றுக்கொண்டிருக்கிறது, அதை மறக்கவைக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், அந்த நாள்களில் வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள். வலிப்பு, இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

இங்கத்திய புழுக்கத்துக்கும் ஒரு வழி: படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் குளியுங்கள். தோலுக்கு இரத்தம் வந்து உள்சூடு வெளியேறும், உடம்பு குளிரத் தொடங்கும்போதுதான் தூக்கம் வரும். அப்புறம் மின்விசிறி போதும்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தாதீர்கள், தூக்கமின்மை இரட்டிப்பாகத் திரும்பும். மருத்துவரிடம் கேட்டு மெல்லக் குறையுங்கள். தூக்கம் வராத இரவுகளில் வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் வருகிறதென்றால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1767 என்ற எண்ணில் சிங்கப்பூர் சமாரிட்டன்ஸ் அமைப்பை இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம்.